கூடிப் பேசுகிறோம், குறிப்பும் எழுதுகிறோம். ஆனாலும் அதே தவறு ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி இது: "நாங்கள் ஒன்பது பேர் கொண்ட டீம். ஒவ்வொரு பெரிய வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எது நன்றாகப் போனது, எது சரியில்லை என்று பேசுகிறோம். இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். நான் குறிப்பெடுத்து எல்லோருக்கும் மெயில் அனுப்புகிறேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே தவறு மறுபடியும் வந்து நிற்கிறது. இந்த டீப்ரீஃப் கூட்டத்தை உருப்படியாக நடத்துவது எப்படி? இல்லை, விட்டுவிடலாமா?"

விட்டுவிடாதீர்கள். நான் பல வருடங்களாக மற்ற டீம்களுக்கு இந்தக் கூட்டங்களை நடத்திக் கொடுத்து வருகிறேன். நீங்கள் சொல்லும் நிலைமையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறீர்கள். யாரோ ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம், அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மட்டும் தெரிந்த விஷயம், வெளியே வராமலே கூட்டம் முடிந்துவிடுகிறது. தவறு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் திரும்பி வருகிறது.

முறையாக நடத்தினால் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஸ்காட் டானன்பாம், கிறிஸ்டோபர் செராசோலி இருவரும் 2013-ல் இது தொடர்பான 46 ஆய்வு மாதிரிகளைச் சேர்த்து அலசினார்கள். டீப்ரீஃப் செய்தவர்களின் செயல்திறன், செய்யாதவர்களைவிட ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் மேலாக இருந்தது. கூடிப் பேசுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய லாபம். ஆனால் "முறையாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் பெரிய அளவில் வேரூன்றியது அமெரிக்க ராணுவத்தில். 1970-களின் நடுவில் பயிற்சிக்குப் பிந்தைய மீள்பார்வை ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். 1980-களில் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஃபோர்ட் இர்வின் பயிற்சி மையத்தில் அது செம்மைப்பட்டது. அங்கே படைகள் லேசர் கருவி பொருத்திய துப்பாக்கிகளோடு போலிப் போர் நடத்துவார்கள். யார் யாரைச் சுட்டார்கள், எந்த டாங்கி எப்போது வீழ்ந்தது என்பதைக் கருவிகளே காட்டிவிடும். இதற்கு முன்பெல்லாம் பயிற்சி முடிந்ததும் உயரதிகாரி எழுந்து நின்று, யார் எங்கே சொதப்பினார்கள் என்று பட்டியல் வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். லேசர் வந்த பிறகு "நாங்கள்தான் ஜெயித்தோம்", "இல்லை, நாங்கள்தான்" என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போனது. என்ன நடந்தது என்பதில் சண்டை தீர்ந்ததும், ஏன் நடந்தது என்று பேச நேரம் கிடைத்தது. சிப்பாய்கூட வாயைத் திறந்து, கமாண்டரின் உத்தரவு தனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்ல முடிந்தது.

அந்த முறையின் உள்ளே இருப்பவை நான்கு கேள்விகள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்திருந்தோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? அடுத்த முறை எதை அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறோம், எதை மாற்றப் போகிறோம்? பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும். நீங்கள் கேட்கும் "எது நன்றாகப் போனது, எது சரியில்லை" என்ற கேள்விக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்றுகூடத் தோன்றும். வித்தியாசம் முதல் கேள்வியிலேயே தொடங்குகிறது. உங்கள் கேள்வி நேராக அபிப்பிராயத்துக்குப் போகிறது. அபிப்பிராயம் சொல்லச் சொன்னால் தைரியம் உள்ளவர்தான் பேசுவார்.

நான் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் பழைய சிஸ்டத்திலிருந்து புதிய சிஸ்டத்துக்கு டேட்டாவை மாற்றும் வேலை. இரவு 10 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடிய வேண்டும். காலை 6 மணிக்கு எல்லோரும் வேலைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். நடந்தது என்னவென்றால், 1:50-க்குப் பாதியில் நின்றுபோய், அடித்துப் பிடித்து ஒருவழியாகச் சரிசெய்தபோது மணி காலை 7:20. மறுநாள் மாலை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அறைக்குள் நுழையும்போதே முகங்கள் இறுகிக் கிடந்தன. யார் தலையில் கட்டப் போகிறார்கள் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள்.

நான் யாரையும் பேச விடவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து, "2 மணி என்றால் திட்டத்தில் என்ன என்று நீங்கள் புரிந்துகொண்டிருந்தீர்கள்? ஒரே வரியில் எழுதுங்கள், பெயர் வேண்டாம்" என்றேன். எட்டுத் தாள்கள் வந்தன. "2 மணிக்கு முடியாவிட்டால் ரோல்பேக் தொடங்க வேண்டும்" என்று மூன்று பேர். (ரோல்பேக் என்றால் மாற்றியதை விட்டுவிட்டுப் பழைய சிஸ்டத்துக்கே திரும்பிப் போவது.) "2 மணிக்குள் ரோல்பேக்கே முடிந்து பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்று மூன்று பேர். "2 மணிக்கு மேனேஜருக்குப் போன் செய்து கேட்க வேண்டும்" என்று ஒருவர். கடைசித் தாளில் "2 மணி என்பது ஒரு உத்தேசம்" என்று இருந்தது. ரோல்பேக் செய்ய மட்டும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். தாள்களை மேஜைமேல் வரிசையாக வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு டீம் லீடர்தான் மெதுவாகச் சொன்னார்: "நான் மெயில்ல 'டூ ஏ.எம். கட்-ஆஃப்'னு மட்டும்தான் போட்டேன்."

அந்த நிமிடத்தில் அறையின் இறுக்கம் தளர்ந்ததை என்னால் உணர முடிந்தது. இரவு முழுக்க ஒருவரையொருவர் பொறுப்பில்லாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், அவரவர் தமக்குத் தெரிந்த திட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்கள். அதனால் முதல் கேள்வியை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எண்ணி, நேராகத் தவறுகளுக்குப் போய்விடுவதுதான் பெரும்பாலான டீம்களின் வழக்கம்.

எழுதச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. 1985-ல் கரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர் குழுக்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பதவிக்குப் போட்டியிடும் வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைக் குழுவில் உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சில தகவல்கள் எல்லோரிடமும் இருக்கும். சில ஒருவரிடம் மட்டும் இருக்கும். எல்லாத் தகவலையும் ஒன்றுசேர்த்தால் யார் சிறந்தவர் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலான குழுக்கள் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தன. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த தகவலே பேச்சில் மேலே வந்தது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அடியிலேயே தங்கிவிட்டது. உங்கள் டீமில் தலையாட்டும் ஏழு பேரை இந்தக் கண்ணோடு பாருங்கள். அவர்களிடம் விஷயம் இல்லாமல் இல்லை. முதலில் பேசிய இருவரும் கதையை ஒரு பக்கம் திருப்பிவிட்ட பிறகு, தம்மிடம் உள்ள துண்டு அந்தக் கதையில் பொருந்தவில்லை என்று அவர்கள் அதை உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

நினைவும் அப்படித்தான் வளைகிறது. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 1974-ல் வெளியிட்ட சோதனையில், ஒரே கார் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம் வேகம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். கேள்வியில் "மோதின" என்ற வினைச்சொல்லுக்குப் பதில் "மோதி நொறுங்கின" என்ற பொருளில் வேறொன்றைப் போட்டதும் மக்கள் சொன்ன வேகம் கூடிவிட்டது. நாம் கேட்கும் வார்த்தையே பதிலை மாற்றும் என்றால், கூட்டத்தில் முதலில் பேசும் மேனேஜரின் வார்த்தை எவ்வளவு மாற்றும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எப்போதும் தனித்தனியாக எழுதிவிட்டு, அதன் பிறகு பேசுங்கள். ஐந்து நிமிடம் போதும். எழுதியதை வைத்து நேர வரிசையைப் பலகையில் போடுங்கள்: 10:00-க்கு இது, 11:15-க்கு இது, 12:40-க்கு இது. லாக், சாட், போன் அழைப்பு என எந்தப் பதிவு கிடைத்தாலும் கொண்டுவந்து வையுங்கள். அந்த ராணுவத்துக்கு லேசர் செய்த வேலையை உங்களுக்கு இவை செய்யும். இந்தக் கட்டத்தில் "ஏன்" என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை.

அடுத்து மூன்றாவது கேள்வி. பெரும்பாலான கூட்டங்கள் உடைவது இங்கேதான்.

நடந்து முடிந்த பிறகு எல்லாம் தெளிவாகத் தெரியும். பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல் இதை அழகாகக் காட்டினார். 1814-ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய குறிப்பைப் பலருக்கும் வாசிக்கக் கொடுத்தார். சிலருக்கு ஆங்கிலேயர் வென்றார்கள் என்றும், சிலருக்குக் கூர்க்காக்கள் வென்றார்கள் என்றும், சிலருக்கு வேறு முடிவும் சொன்னார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அதுதான் நடக்க அதிக வாய்ப்பு இருந்தது என்று மக்கள் கருதினார்கள். முடிவு தெரியாததுபோல் நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்று கேட்டபோதும் அப்படியேதான். ஆகவே "இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?" என்று கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, அவருக்கு உண்மையிலேயே அப்படித் தெரிகிறது. ஆனால் அந்தக் கேள்வி எதிரில் இருப்பவரின் வாயைக் கட்டிவிடுகிறது.

மறுபடியும் அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். பாதியில் நின்றதற்குக் காரணம், புதிய சர்வரில் ஸ்டோரேஜ் நிறைந்துபோனது. 12:40-க்கே ஸ்க்ரீனில் மஞ்சள் எச்சரிக்கை வந்திருக்கிறது. அதைக் கவனிக்கும் பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண்ணுடையது. சீனியர் ஒருவர் பொறுமையிழந்து கேட்டுவிட்டார்: "12:40-க்கே வார்னிங் வந்திருக்கு. ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

அந்தப் பெண் தலைகுனிந்தபடி "சாரி சார்" என்றார். அவ்வளவுதான். "அடுத்த முறை கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதிவிட்டு எழுந்து போயிருந்தால் அந்த மன்னிப்போடு கூட்டம் முடிந்திருக்கும். நான் இடையில் புகுந்து வேறு மாதிரி கேட்டேன். "12:40-க்கு உங்க ஸ்க்ரீன்ல என்னவெல்லாம் தெரிஞ்சுது? அதைப் பார்த்ததும் என்னன்னு நினைச்சீங்க?"

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "மஞ்சள்ல 80 பர்சன்ட்னு வந்துச்சு. ஒத்திகை பார்த்தப்பவும் மூணு தடவை இதே வந்துச்சு சார். அப்போ நான் கேட்டேன். டெஸ்ட் மெஷின் சின்னது, அதான் வருது, விட்டுடுன்னு சொன்னீங்க. அதே வார்னிங்தான்னு நினைச்சு விட்டுட்டேன்."

சீனியரின் முகம் மாறியது. மறைக்காமல் ஒப்புக்கொண்டார்: "ஆமா, நான்தான் சொன்னேன். டெஸ்ட் மெஷினுக்குன்னு தனியா சொல்லியிருக்கணும்." கவனக்குறைவு என்று பதிவாகியிருக்க வேண்டியது, இப்போது முற்றிலும் வேறொன்றாகத் தெரிந்தது. ஒத்திகையில் ஒரு எச்சரிக்கையை அலட்சியம் செய்ய டீமே அந்தப் பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. இதைத் திருத்தலாம். "கவனமாக இரு" என்பதைத் திருத்த முடியாது.

இந்த மாதிரிக் கேட்பதற்கு மருத்துவப் பயிற்சித் துறையில் ஒரு நல்ல முறை இருக்கிறது. ஜென்னி ருடால்ஃபும் அவரது சகாக்களும் 2006-ல் அதை எழுதினார்கள். முதலில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். பிறகு அதைப் பற்றி நான் நினைத்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதன் பிறகு உன் பார்வை என்ன என்று உண்மையான ஆவலோடு கேட்க வேண்டும். "12:40-க்கு எச்சரிக்கை வந்ததை லாகில் பார்த்தேன். அது சொல்லப்பட்டிருந்தால் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் உங்களுக்கு அது எப்படித் தெரிந்தது?" நடுவில் உள்ள வாக்கியம் முக்கியம். மனதில் ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு, வெளியே அப்பாவியாகக் கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். நினைப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அவர் அதை மறுக்கவும் முடியும். அந்தக் கூட்டத்தில் அதை நான் அரைகுறையாகத்தான் செய்தேன். கண்டதையும் நினைத்ததையும் சொல்லாமல் நேராகக் கேள்விக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் அவ்வளவு நேரம் தயங்கியதில் அதற்கும் பங்கு உண்டு.

இனி உங்களைப் பற்றி. குறிப்பெடுத்து மெயில் அனுப்புபவர் நீங்கள் என்றால், தலைவரும் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். கூட்டத்தில் முதலில் வாயைத் திறப்பது நீங்களாக இருக்கட்டும், ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்காக: உங்கள் தவறு ஒன்றைச் சொல்வதற்காக. பொதுவாக "நானும் தவறு செய்திருப்பேன்" என்று சொன்னால் போதாது. "செவ்வாய்க்கிழமை நீங்கள் கூடுதல் நாள் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் விட்டேன்" என்ற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, கடைசிக் கேள்வி வரும்வரை அபிப்பிராயம் எதுவும் சொல்லாதீர்கள். போர் விமானிகளின் டீப்ரீஃபில் பதவியை வாசலிலேயே விட்டுவிட்டு வருவதை ஒரு விதியாகவே வைத்திருக்கும் படைப்பிரிவுகள் உண்டு. அணியை வழிநடத்தியவரே தன் பிழைகளை முதலில் அடுக்குவார். அதற்குப் பிறகு இளையவர் பேசுவதற்குத் தைரியம் தேவைப்படுவதில்லை.

ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் பிழை செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அதைத் தொடர்ந்து 1999-ல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, பயமில்லாமல் பேச முடிகிற குழுக்களே அதிகம் கற்றுக்கொள்கின்றன என்று காட்டினார். ஆகவே உங்கள் கூட்டத்தில் பிழைகளின் எண்ணிக்கை திடீரென்று கூடினால் கலங்காதீர்கள். நல்ல அறிகுறியாக இருக்கலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டீப்ரீஃபில் சொல்லப்பட்ட எதுவும் வருடாந்தர மதிப்பீட்டிலோ சம்பள உயர்வுப் பேச்சிலோ தலைகாட்டக் கூடாது. ஒரு முறை காட்டினால் போதும், அதன் பிறகு எத்தனை வருடம் கேட்டாலும் எல்லாம் நன்றாகவே நடந்தது என்றுதான் பதில் வரும். வேண்டுமென்றே விதியை மீறியவர், பொய் சொன்னவர் இருந்தால் அது வேறு விசாரணை, வேறு அறை, வேறு நாள். இரண்டையும் கலக்காதீர்கள்.

விமானத் துறை இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை கொடுத்த அனுமதியை, இனித் தாழப் பறக்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். விசாரணையில் மனதை உலுக்கும் ஒன்று வெளிவந்தது: ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானமும் இதே இடத்தில், இதே குழப்பத்தில் மாட்டி, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் அதைத் தன் விமானிகளுக்குச் சொன்னது. மற்றவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இதன் விளைவாக 1976-ல் விமானிகள் தம் பிழைகளைத் தாமே தெரிவிக்கும் ஓர் அமைப்பு உருவானது. அதை நடத்தும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் கொடுக்கப்படவில்லை; நாசாவிடம் கொடுக்கப்பட்டது. அனுப்பியவரின் அடையாளம் நீக்கப்பட்ட பிறகே தகவல் பயன்படுத்தப்படுகிறது. உங்கள் கூட்டத்தில் வெளிவந்தது பக்கத்து டீமுக்கும் பயன்படும் என்றால், பெயர்களை நீக்கிவிட்டு அவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.

நன்றாக முடிந்த வேலைகளையும் உட்கார்ந்து பேசுங்கள் என்று சொன்னால் பலரும் வியக்கிறார்கள். ஷ்முவேல் எல்லிஸ், இன்பார் டேவிடி இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வழி கண்டுபிடிக்கும் பயிற்சியில் இருந்த இஸ்ரேலிய ராணுவ வீரர்களை இரண்டு பிரிவாகப் பார்த்தார்கள். ஒரு பிரிவு தவறியதை மட்டும் பேசியது. மற்றது தவறியதையும் சரியாகச் செய்ததையும் பேசியது. இரண்டையும் பேசியவர்களே அதிகம் முன்னேறினார்கள். காரணம் எனக்கு எளிதாகப் புரிகிறது: வெற்றிக்குள் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. விண்வெளி ஓடங்களின் பூஸ்டர் ராக்கெட் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அரிக்கப்பட்டிருப்பது 1981-ல், இரண்டாவது பயணத்துக்குப் பிறகே கண்டறியப்பட்டது. ஆனால் பயணம் வெற்றி. பின்னும் சில பயணங்களில் அரிப்பு தெரிந்தது, அவையும் வெற்றி. பத்திரமாகத் திரும்பி வந்த ஒவ்வொரு பயணமும் அந்த அரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1986 ஜனவரி 28, கடுங்குளிர்க் காலையில் சேலஞ்சர் ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். நன்றாக முடிந்த வேலைக்குப் பிறகு "எந்த இடத்தில் நூலிழையில் தப்பினோம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், விஷயம் கொட்டும். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரம் என்பதால் சொல்லவும் கூச்சம் இருக்காது.

எப்போது, எவ்வளவு நேரம்? சூடு ஆறுவதற்குள், முடிந்தால் அன்றே, தவறினால் மறுநாள். இரவெல்லாம் விழித்தவர்களை உடனே உட்கார வைக்காதீர்கள், தூங்கி எழட்டும். சிறிய வேலைக்குப் பத்து நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின் கடைசிப் பகுதி இதற்கு நல்ல மாதிரி. நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன்பே கருவிகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிடுகிறார்கள். எந்தக் கருவியாவது தொல்லை கொடுத்ததா, இவர் குணமாக எதைக் கவனிக்க வேண்டும் என்று நின்றபடியே பேசி முடிக்கிறார்கள். பெரிய வேலைக்கு ஒரு மணி நேரம் வரை எடுங்கள். அதில் பாதிக்கு மேல் மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. வேலையில் உயிரிழப்போ, கோர விபத்தோ நடந்திருந்தால் இந்த முறையை ஆறுதல் தரும் கருவியாக எண்ணிக் கையில் எடுக்காதீர்கள். பயங்கர நிகழ்வுக்குப் பிறகு ஆட்களை ஒரே அமர்வில் உட்காரவைத்து அனுபவத்தைச் சொல்லவைக்கும் உளவியல் டீப்ரீஃபிங் 1980-களில் பரவியது. அது பிந்தைய மன அழுத்த நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கலாம் என்று 2002-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு சொன்னது. அப்படிப்பட்ட நேரத்தில் யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஓய்வும், துணையும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரும்தான் முதல் வேலை. நடைமுறை பற்றிய பேச்சு பிறகு.

கடைசியாக, உங்கள் மெயில். "தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்த வேண்டும்", "இன்னும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்" என்ற வகை வரிகள்தான் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவை கிணற்றில் போட்ட கல். ஒரு வரியை எழுதும் முன், யாராவது கேமராவில் படம் பிடித்தால் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் அது வெறும் ஆசை. அந்த டேட்டா டீம் கடைசியில் இரண்டே வரிகள் எழுதியது. ஒன்று: 1:15-க்கு முக்கால்வாசி டேட்டா போயிருக்காவிட்டால் ரோல்பேக் தொடங்கும்; முடிவு சொல்பவர் ஒருவர்; நேரமும் அவர் பெயரும் பலகையில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு: ஒத்திகையில் "விட்டுடு" என்று சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பக்கத்தில் "உண்மையான இரவில் என்ன செய்வது" என்று எழுத வேண்டும். பன்னிரண்டு யோசனைகள் வந்திருந்தன. பத்தை விட்டுவிட்டார்கள். அந்த இரண்டையும் மெயிலில் புதைக்காமல் அடுத்த வேலைக்கான செக்லிஸ்ட்டிலேயே சேர்த்தார்கள். மூன்று மாதம் கழித்து யாரும் பழைய மெயிலைத் தேடிப் படிப்பதில்லை. ஆனால் செக்லிஸ்ட்டைத் திறக்காமல் வேலையைத் தொடங்க முடியாது.

வீட்டிலிருந்து வேலை செய்யும் டீம் என்றால் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் சேர்ந்தாற்போல் அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவது அப்போது நடக்காது.

உங்கள் டீம் பலனில்லாத கூட்டங்களில் சலித்துப்போயிருக்கிறது என்பதால், பெரிய தோல்வி ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். இந்த வாரமே முடிந்த ஒரு சின்ன வேலையை, ஓரளவு நன்றாகவே முடிந்ததை எடுங்கள். இருபது நிமிடம். ஆளுக்கொரு தாள். ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, செய்ய வேண்டியவர் பெயரோடு ஓர் அட்டையில் எழுதுங்கள். அடுத்த கூட்டம் அந்த அட்டையை உரக்க வாசிப்பதில் தொடங்கட்டும்: செய்தோமா, செய்தது உதவியதா? செய்யவில்லை என்றால் புதிதாக எதுவும் எழுதாதீர்கள். அன்று பேச வேண்டியது அது ஏன் நடக்கவில்லை என்பது மட்டும்தான்.